பருந்தின் பசியும் தேவனுடைய கையும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "தேவன் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது" என்ற வசனத்தை விளக்கியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஓர் உயிர் இன்னோர் உயிரைக் கொன்று தின்னும் உலகம் எப்படி நன்றாயிருக்க முடியும்? மேலோட்டமாகப் பதில் சொல்லிக் கடந்துபோகக் கூடிய கேள்வி இல்லை இது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வாசகி, தலைஞாயிறு): மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு, எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம். அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்த வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே அவள் பெயர் வைத்து வளர்த்த குஞ்சு போய்விட்டது. "பருந்தையும் ஆண்டவர்தானே உண்டாக்கினார்? அதுவும் நல்லதா அம்மா?" என்று அழுதுகொண்டே கேட்கிறாள். ஆதாம் பாவம் செய்த பிறகுதான் மிருகங்கள் கொல்லத் தொடங்கின, அதற்கு முன் எல்லாம் புல்தான் தின்றன என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அதையே அவளிடம் சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஏன் வேண்டாம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் சொல்வதற்கும் வேதத்தில் பிடிமானம் இருக்கத்தான் செய்கிறது.

ஆதியாகமம் 1:30-ல் பூமியிலுள்ள மிருகங்களுக்கும் ஆகாயத்துப் பறவைகளுக்கும் பசுமையான பூண்டுகளை ஆகாரமாகக் கொடுத்ததாகத் தேவன் சொல்கிறார். மனிதன் இறைச்சி உண்ண அனுமதி கிடைப்பது ஜலப்பிரளயம் முடிந்த பிறகு, 9-ஆம் அதிகாரத்தில். இவ்விரண்டுக்கும் நடுவில் ஏதேன் தோட்டத்து மீறுதல் இருக்கிறது. ஆகவே அந்த மீறுதலால்தான் சிங்கம் கொலைகாரனாயிற்று என்று பலர் முடிவு செய்தார்கள். மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அப்படித்தான் நம்பினார். 1781-ல் மிருகங்களின் விடுதலையைப் பற்றி அவர் ஒரு பிரசங்கமே எழுதினார். வண்டிமாடு அடிபடுவதைக் கண்டு மனம் பதைத்த ஒரு மனிதரின் எழுத்து அது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் 3-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பாம்பு வயிற்றினால் நகரும். ஸ்திரீ வேதனையோடே பிள்ளை பெறுவாள். நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும். மனிதன் நெற்றி வியர்வை சிந்தி அப்பம் புசிப்பான். இவ்வளவுதான் அங்கே இருக்கிறது. சிங்கத்தைப் பற்றியோ பருந்தைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. புல் தின்றுகொண்டிருந்த மிருகத்துக்குக் கோரைப்பல்லும் வளைந்த நகமும் இறைச்சியைச் செரிக்கும் குடலும் பிற்பாடு கொடுத்தது யார்? சாத்தான் என்றால், படைக்கும் வல்லமை சாத்தானுக்கு உண்டு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. தேவன் என்றால், மனிதன் செய்த குற்றத்துக்காக ஒரு பாவமும் அறியாத மான்குட்டியைக் கிழிக்கும்படி அவரே பற்களைச் செய்தார் என்றாகிவிடும். தேவனுடைய நன்மையைக் காப்பாற்றப் போட்ட அணையே அதை அடித்துக்கொண்டு போகிறது.

இது இன்று தோன்றிய எண்ணம் என்று யாரும் கருத வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இதை நேரடியாக எழுதிவிட்டார். மனிதனின் பாவத்தால் மிருகங்களின் இயல்பு மாறிவிடவில்லை, சிங்கமும் வல்லூறும் அன்றும் இறைச்சிதான் தின்றிருக்கும் என்பது அவர் கருத்து.

பூமியும் அதையே சொல்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனால், ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது என்பதை இன்றும் காலடியில் பார்க்கலாம். சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் கிடக்கிறது. காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் சுறாவின் பற்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பற்கள். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தப் பற்கள் இரையைக் கவ்விக்கொண்டிருந்தன. உலகத்தின் வயதைப் பற்றி வேறு விதமாக நம்பும் சகோதரர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு சண்டையிடுவது என் நோக்கம் இல்லை. ஆனால் அந்தப் பற்களைக் கையில் எடுத்துப் பார்த்தவனால், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

இப்போது 104-ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். படைப்பைப் பற்றி வேதத்தில் உள்ள மிகப் பெரிய பாட்டு அதுதான். ஊற்றுகள், காட்டுக்கழுதைகள், கேதுரு மரங்கள், வரையாடுகள் என்று வரிசையாகப் பாடிக்கொண்டே வருகிறவர், இரவைப் பற்றிச் சொல்லும்போது இப்படிப் பாடுகிறார்: "பாலசிங்கங்கள் இரைக்காக கெர்ச்சித்து, தேவனால் தங்களுக்கு ஆகாரம் கிடைக்கும்படித் தேடும்." சூரியன் உதித்ததும் அவை குகைகளுக்குத் திரும்புகின்றன. மனிதன் தன் வேலைக்குப் புறப்படுகிறான். சிங்கம் இராவேலைக்காரன், மனிதன் பகல்வேலைக்காரன். இருவருக்கும் எஜமான் ஒருவரே, கூலி கொடுக்கும் கையும் ஒன்றே. அந்தக் கர்ச்சனையைச் சங்கீதக்காரர் ஜெபத்தைப்போலக் கேட்கிறார். அதன் கடைசி வசனத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இந்த அழகான பூமியிலிருந்து ஒன்றே ஒன்று நீங்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். நீங்க வேண்டியவர்கள் பாவிகள், துன்மார்க்கர். சிங்கம் நீங்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

இதைப் பாடுவது எளிது, பக்கத்தில் நின்று பார்ப்பது கடினம். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு வரும் நாளில் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் நுரையோடு தண்ணீர் நுழையும்போது, வெடிப்புகளில் ஒதுங்கியிருந்த பூச்சிகளும் தவளைகளும் அதற்கு முன்னால் துள்ளி ஓடிவரும். கொக்குகளும் மடையான்களும் காத்து நிற்கும். எங்கள் குருமனைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் மடையான் ஒன்று தவளையைப் பிடித்ததைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். தவளை சிறியதில்லை. தலை உள்ளே போன பிறகும் பின்னங்கால்கள் இரண்டும் அலகுக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. மடையான் அவசரப்படவில்லை. கழுத்தை நீட்டி, இரண்டு மூன்று தடவை உலுக்கி, அந்தக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. தொண்டைக்குள் அந்த அசைவு இறங்குவது வெளியே தெரிந்தது. பிறகு குனிந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தது. "நீர் உமது கையைத் திறக்க, அவைகள் நன்மையால் திருப்தியாகும்" என்று அதே சங்கீதம் சொல்வது இதையுந்தான். அந்த உதைக்கும் கால்களைப் பார்க்காமல் இந்த வசனத்தைப் பிரசங்கிக்கக் கூடாது.

அப்படியானால் ஆதியாகமம் 1:30-ஐ என்ன செய்வது என்று கேட்பீர்கள். தேவனுடைய உள்ளம் எதை நோக்கிப் போகிறது என்பதைக் காட்டும் வசனமாகவே அதை வாசிக்கிறேன். இரத்தம் சிந்தாத பந்தியைத்தான் அவர் முதலில் நினைத்தார். அந்தப் பந்தி இன்னும் முழுவதுமாகப் பரிமாறப்படவில்லை. நன்றாய் இருப்பது ஒன்று, நிறைவடைந்திருப்பது இன்னொன்று. நாற்றங்காலில் பயிர் நன்றாயிருக்கிறது என்று சொல்லும் மிராசுதாரர் அறுவடை முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை.

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். பருந்தையும் ஆண்டவர்தான் உண்டாக்கினார். தென்னை உச்சியில் இருக்கும் அதன் கூட்டிலும் குஞ்சு வாய் பிளந்து காத்திருக்கிறது. உன் குஞ்சு போனதற்காக நீ அழுவதும் சரிதான், அதற்காக ஆண்டவர் உன்மேல் கோபிக்க மாட்டார். அடைக்கலான் குருவி தரையில் விழாது என்று இயேசு வாக்குக் கொடுக்கவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் அது விழாது என்றே சொன்னார். உன் குஞ்சின் பெயர் உனக்குத் தெரிந்ததைவிட நன்றாக அவருக்குத் தெரியும். "அதை மறுபடியும் பார்ப்பேனா?" என்று அவள் கேட்டால், "மாட்டாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெஸ்லி பார்க்கலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை ஒரு குழந்தையிடமிருந்து பறிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

அடுத்த அடைக்கு, குஞ்சுகளின் இறகு முற்றும்வரை பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி (விவசாயி, நீடாமங்கலம்): ஐயா, கல்லூரியில் படிக்கும் என் மகன், டார்வின் கடவுள் நம்பிக்கையை இழந்ததற்கு ஒரு குளவிதான் காரணம் என்கிறான். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உயிரோடு உள்ளிருந்தே தின்னுமாம். நானோ குருத்துப்பூச்சிக்காக அதே இனத்துக் குளவியை அட்டையில் வாங்கிவந்து வயலில் கட்டுகிறேன். அது தேவன் செய்த நன்மையா, கொடுமையா? கட்டுகிற நான் யார்?

பதில்: சகோதரரே, போதகர் ஊழியத்துக்கு வருமுன் நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவன். அந்த அட்டைகளை உங்களைப் போன்றவர்களின் கையில் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் டார்வின். 1860 மே 22 அன்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில்தான் அவர் இதைச் சொன்னார். அன்பும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள், உயிருள்ள புழுக்களின் உடலுக்குள்ளே உண்டு வளர வேண்டும் என்றே திட்டமிட்டு இந்தக் குளவிகளைப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். பூனை எலியோடு விளையாடுவதையும் சேர்த்துச் சொன்னார். உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள்: அவர் 1851-ல் தம் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர். அவருடைய நம்பிக்கையைத் தேய்த்தது ஒரு குளவி மட்டும் இல்லை. அந்தக் கடிதத்தில் கேலி இல்லை, கலக்கம்தான் இருக்கிறது. அவரைத் திட்டிப் பிரசங்கம் செய்கிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது அட்டை. நீங்கள் அதில் வாங்கிவந்து கட்டும் டிரைக்கோகிரம்மா புழுவுக்குள் வளர்வதில்லை, பூச்சியின் முட்டைக்குள் வளர்கிறது. அரை மில்லிமீட்டர் அளவுள்ள குளவி அது. ஆய்வுக்கூடத்தில் நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றின்மேல் இந்தக் குளவிகளை விடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் அந்த முட்டைகள் கறுத்துவிடும். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டை என்பது சுமார் 20,000 முட்டைகள். அதைத் துண்டு துண்டாகக் கிழித்து இலையின் அடிப்புறத்தில் குத்திவைக்கிறீர்கள். வெளிவரும் குளவிகள், குருத்துப்பூச்சி இலை நுனியில் பழுப்பு மயிர் போர்த்தி வைத்திருக்கும் முட்டைக் குவியலைத் தேடிப் போகின்றன. நாற்று நடும் பெண்கள் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவதும் அதே முட்டைகளை ஒழிக்கத்தான். அந்த வகையில் குளவி செய்வதையே நம் வீட்டுப் பெண்களும் செய்கிறார்கள்.

ஆனால் டார்வின் சொன்ன வகையும் உங்கள் வயலில் இருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு மடித்து வைத்திருக்கும் இலையைப் பிரித்துப் பாருங்கள். சில சமயம் புழு சுருங்கிச் சக்கையாகக் கிடக்கும். பக்கத்தில் பஞ்சுபோன்ற வெள்ளைக் கூடுகள் இருக்கும். புழு உயிரோடிருந்தபோதே அதற்குள் வளர்ந்து, துளைத்துக்கொண்டு வெளியே வந்து கூடு கட்டியவை அவை.

"இது நமக்கு உதவுகிறது, ஆகவே தேவன் நல்லவர்" என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நமக்கு உதவுவது புழுவுக்கு என்ன ஆறுதல்? யோபின் புத்தகம் இந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடுகிறது. தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டவனுக்குத் தேவன் காட்டியது ஒரு மிருகக் கூட்டத்தை. சிங்கம், காக்கைக்குஞ்சு, காட்டுக்கழுதை, தீக்குருவி, கழுகு என்று போகிறது அந்த வரிசை. அவற்றில் பெரும்பாலானவற்றால் யோபுக்கு ஒரு காசு லாபமும் இல்லை. மனிதர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்யப்பண்ணுகிறவர் நான் என்கிறார். அதன் பிறகு தம் சொந்த வாயால் கழுகைப் பற்றிச் சொல்கிறார்: "அதின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சும்." வெட்கப்பட்டு ஒளிக்கிறவரின் பேச்சு இது இல்லை. அந்தக் குஞ்சுகள் தம்முடையவை என்று சொல்லிக்கொள்கிறவரின் பேச்சு.

ஆகவே குளவியைப் பிசாசின் படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் தன் குஞ்சுக்கு இரை தேடும் தாய். ஆனால் புழுவின் முடிவு நல்லது என்றும் சொல்ல மாட்டேன். சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8-ல் பவுல் எழுதுகிறார். அந்தத் தவிப்பில் உங்கள் வயல் வரப்பும் அடக்கம். குளவியை உண்டாக்கியவர் அந்தத் தவிப்பையும் கேட்கிறார் என்று நம்புகிறேன். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் கேள்வி சுலபமாகிவிடும். ஆனால் வேதம் இரண்டையும் என் கையில் வைத்திருக்கிறது, நானும் இரண்டையும் விட மாட்டேன்.

நீங்கள் யார் என்று கேட்டீர்கள். நிலத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டவர். அட்டையைத் தயங்காமல் கட்டுங்கள். கட்டிய கையோடு பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். அடித்தால் குளவியும் சாகும், வாய்க்கால் மீனும் சாகும், அதைத் தின்னும் கொக்கும் சாகும். தேவைக்குக் கொல்வதற்கும் கணக்கில்லாமல் கொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பருந்துக்குத் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும் என்று ஏசாயா 11 சொல்வது நிஜமாக நடக்குமா, வெறும் உவமையா? "பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதுதான் உலக இயற்கை, தேவன் வைத்த சட்டமே அதுதான்" என்று வட்டிக்குக் கொடுக்கும் என் உறவினர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: நடக்கும் என்று நம்புகிறேன், எப்படி என்று படம் வரைந்து காட்டத் துணிய மாட்டேன். வைக்கோல் தின்னும் சிங்கத்துக்கு வேறு பல்லும் வேறு குடலும் வேண்டும். அது புதிய சிருஷ்டியாகத்தான் இருக்க முடியும். ஏசாயா கடந்துபோன ஏதேனை நினைத்து ஏங்கவில்லை, வரப்போவதைச் சொல்கிறார்.

உங்கள் உறவினரிடம் அந்த அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்குவதற்கு முன்னால், ஏழைகளுக்கு நீதியாய் நியாயந்தீர்க்கும் ஒரு ராஜா வருகிறார். அந்த வரிசை தற்செயலாக அமைந்தது இல்லை. சிங்கத்தைப் பார்த்து வாழக் கற்றுக்கொள் என்று வேதம் மனிதனுக்கு ஒருபோதும் சொல்லவில்லை. எறும்பைப் பார், காகத்தைப் பார் என்று சொல்கிறது. சிங்கத்தை மனிதனோடு ஒப்பிடும்போதோ, எளியவனைப் பதிவிருந்து பிடிக்கிறவனுக்கு அடையாளமாகத்தான் சங்கீதம் 10 ஒப்பிடுகிறது. சிங்கத்திடம் குற்றமில்லாத அதே செயல் மனிதனிடம் பாவம். சிங்கம் தன் ஆகாரத்தைத் தேவனிடம் கேட்கிறது. மனிதன் அயலானிடமிருந்து பறித்துக்கொள்கிறான்.

நம் மண்ணில் நின்றுகொண்டு இதை மறக்கவே முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். கிறிஸ்து பிறந்த நாளில். எந்த மிருகமும் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை. இதைச் செய்த கைகளும், தொண்டையைப் பிடிக்கும் வட்டியும், "இயற்கை" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விடக் கூடாது. மீனுக்குத் தேவன் வைத்த சட்டம் மீனுக்குத்தான். உங்கள் உறவினருக்கு வைத்த சட்டம் யாத்திராகமம் 22:25-ல் இருக்கிறது. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்கிறது. வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி (வாசகர், திருவாரூர்): நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பர் வீட்டில் உங்கள் பக்கங்களை விடாமல் படிக்கிறேன். புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப்போல் பருந்துக்கும் புறாவுக்கும் ஒருசேர நியாயம் செய்யும் ஒன்று உங்கள் வேதத்தில் உண்டா?

பதில்: ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது உங்களுடையதுதான்.

சிபியைத் தெரியாமல் சோழ நாட்டில் வளர முடியுமா? புறாவின் துயர் தீர்த்தவனின் மரபு என்று புறநானூறு சோழரைப் பாடுகிறது. அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அரசன் பருந்தைத் துரத்தாத இடம். "என் பசிக்கு என்ன வழி?" என்று பருந்து கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது என்று அரசன் ஒத்துக்கொள்கிறான். அடைக்கலம் புகுந்ததையும் விட மாட்டான், பசித்ததையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டான். இடையில் உள்ள கணக்கைத் தன் உடம்பால் நேர்செய்கிறான்.

எங்கள் வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் யோவான் ஒரு தரிசனம் காண்கிறார். யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டது என்று அவர் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால், சிங்காசனத்தின் மத்தியில் அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. கேட்டது சிங்கத்தை, கண்டது இரையை. தேவன் எங்கே நிற்கிறார் என்ற கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் இதுதான். தின்னும் வாய்களைப் படைத்தவர், தின்னப்படும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "என் மாம்சம் மெய்யான போஜனம்" என்று சொல்லித் தம்மையே கொடுத்தார். ஒவ்வொரு திருவிருந்திலும் அப்பத்தைப் பிட்கும்போது இதை நினைக்கிறேன்.

ஒரு வேற்றுமையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிபியின் கதை ஒரு புறாவோடும் ஒரு பருந்தோடும் நிறைவடைகிறது. நாங்கள் நம்புவது, சிலுவையின் இரத்தத்தினால் பூலோகத்திலும் பரலோகத்திலும் உள்ள எல்லாமும் ஒப்புரவாக்கப்படுகின்றன என்பதை. கொலோசெயர் 1:20-ல் பவுல் அப்படித்தான் எழுதுகிறார். எல்லாம் என்றால் உதைத்துக்கொண்டிருந்த அந்தத் தவளையும் சேர்த்துத்தான். அது என் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிகிறதுபோல் பேசி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். ஆனால் தராசில் தம்மையே வைத்தவர் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கேள்வி (மாணவி, வேதாரண்யம்): கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் குட்டிகளை நரிகள் தின்றுவிடுகின்றன. எங்கள் வாலிபர் சங்கத்தில் சிலர், நரிகளைப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்று வனத்துறைக்கு மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் பலவீனமானவற்றின் பக்கம் நிற்க வேண்டாமா?

பதில்: நிற்க வேண்டும், மகளே. ஆனால் அந்த மனு வேண்டாம்.

ஈன்ற சில நாட்களுக்குத் தாய் வெளிமான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு விலகி மேயும். குட்டி அசையாமல் கிடக்கும். நரி மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். சில குட்டிகள் தப்பும், சில தப்பாது. இந்த வேட்டை நேற்று தொடங்கியதில்லை. வெளிமானின் ஓட்டமும் எச்சரிக்கையும் இப்படிப்பட்ட வேட்டைக்கு நடுவில் உருவானவை. நரிக்கும் குட்டி உண்டு. அதைப் பிடித்துக் கூண்டில் ஏற்றி, தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்டால் அது அங்கே பட்டினியாலோ வேறு நரிகளிடம் கடிபட்டோ சாகும். அது தேவனிடம் கேட்கும் இரையை நாம் தட்டிப் பறித்ததாகிவிடும்.

வெளிமானுக்கு உண்மையான பகை வேறு இடத்தில் இருக்கிறது. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் திறந்த புல்வெளியைத்தான் அது நம்பி வாழ்கிறது. சீமைக்கருவேலம் அந்தப் புல்வெளிக்குள் நுழைந்து அடைத்துக்கொண்டே வருகிறது. நாட்டுக்குதிரைகள் கேட்பாரற்றுப் பெருகி அதே புல்லை மேய்கின்றன. 2018-ல் கஜா புயல் அடித்தபோது வெளிமான்கள் எப்படி மாண்டு ஒதுங்கின என்பதை நீயும் பார்த்திருப்பாய். சீமைக்கருவேலத்தை நட்டதும் குதிரையை அவிழ்த்துவிட்டதும் நாம். நரி செய்ததை மனுவில் எழுதி, நாம் செய்ததை விட்டுவிடுவது நியாயமில்லை.

மனுவை மாற்றி எழுதுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றும் வேலையில் உங்கள் வாலிபர் சங்கமும் சேர்ந்துகொள்ள அனுமதி கேளுங்கள். அறுப்பு முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை வைத்துக்கொண்டால், எங்கள் சபையிலிருந்தும் ஆட்களோடும் மண்வெட்டியோடும் வருகிறோம். மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்.